தோட்டத்தோடு பராமரிப்பையும் எழுதிவைத்த பீட்ரிக்ஸ் ஃபேரண்ட்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பிதழில் நியூயார்க் சென்ட்ரல் பார்க் பற்றி வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். ஃபிரெடரிக் லா ஓம்ஸ்டெட், கால்வர்ட் வாக்ஸ் இருவரின் உழைப்பையும் விரிவாக எழுதியிருந்தீர்கள். தோட்டக்கலைக்கு நாளிதழில் ஒரு முழுப்பக்கம் கிடைப்பது அபூர்வம். அதற்கு முதலில் நன்றி. ஆனால் கட்டுரையின் முடிவில், அமெரிக்கப் பூங்காக்களையும் தோட்டங்களையும் உருவாக்கிய முன்னோடிகள் என்று கொடுத்திருந்த பெயர்களில் ஒரு பெண்கூட இல்லை. தோட்ட வடிவமைப்பாளர் பீட்ரிக்ஸ் ஃபேரண்டின் பெயர் அங்கே கட்டாயம் இருந்திருக்க வேண்டும். பெண் என்ற ஒரு காரணத்துக்காக மட்டும் இதைக் கேட்கவில்லை. தோட்டம் போடுகிற பலரும் செய்யாமல் விட்டுவிடுகிற ஒரு வேலையை அவர் செய்து முடித்துவிட்டுப் போயிருக்கிறார். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும். இடம் கொடுக்க வேண்டுகிறேன்.

நான் நீலகிரியில் தோட்டக்கலைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நாற்றங்கால், கவாத்து, மலர்க் கண்காட்சிக்குத் தொட்டிச் செடி தயார் செய்வது என்று என் பணிக்காலம் முழுவதும் மண்ணோடு போயிற்று. மகள் குடும்பம் வர்ஜீனியாவில் இருப்பதால் வசந்த காலத்தில் அங்கே போய்த் தங்கியிருந்தேன். வாஷிங்டன் நகரில் ஜார்ஜ்டவுன் என்ற பழைய குடியிருப்புப் பகுதி இருக்கிறது. அங்கே டம்பார்ட்டன் ஓக்ஸ் என்ற தோட்டம். மதியம் இரண்டு மணிக்குத்தான் கதவைத் திறக்கிறார்கள். நினைவுச் சின்னங்களைப் பார்க்கப் போகிற நம் ஊர்க்காரர்கள் பெரும்பாலும் இந்தப் பக்கம் வருவதில்லை. ஃபேரண்டின் கைவேலையை முழுசாகப் பார்க்க வேண்டுமென்றால் இதைவிட நல்ல இடம் இல்லை.

முதலில் அவர் யார் என்று சொல்லிவிடுகிறேன். 1872இல் நியூயார்க்கில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். அப்போது பெயர் பீட்ரிக்ஸ் ஜோன்ஸ். நாவலாசிரியர் ஈடித் வார்ட்டன் இவருடைய அத்தை, அப்பாவின் தங்கை. பெற்றோர் பிரிந்துவிட்டதால் அம்மாவோடு வளர்ந்தார். கோடைக்காலங்கள் மெயின் மாநிலத்தில் மவுன்ட் டெசர்ட் தீவில், பார் ஹார்பர் ஊரில், ரீஃப் பாயின்ட் என்ற கடலோர வீட்டில் கழிந்தன. செடி கொடிகள் மேல் பிடிப்பு வந்தது அங்கேதான்.

அந்த நாளில், தோட்டம் பூங்காக்களைத் திட்டமிட்டு அமைக்கிற நிலவடிவமைப்புக்கு என்று கல்லூரிப் படிப்பே கிடையாது. ஹார்வர்டில் அதற்கான பாடப்பிரிவைத் தொடங்கியதே 1900இல்தான். பீட்ரிக்ஸ் அதற்கு முன்பே, இருபது வயதை ஒட்டி, பாஸ்டன் நகரின் ஆர்னால்டு மரத்தோட்டத்தை உருவாக்கிய சார்லஸ் ஸ்பிரேக் சார்ஜென்டிடம் போய்ச் சேர்ந்தார். சார்ஜென்ட் மரங்களின் ஆதி அந்தம் தெரிந்தவர். அவர் வீட்டிலேயே தங்கி, மரங்களை இலை, பட்டை, மொட்டு வைத்து அடையாளம் காணக் கற்றுக்கொண்டார். நிலத்துக்கு ஏற்ற மாதிரி திட்டம் போட வேண்டும், திட்டத்துக்காக நிலத்தை வளைக்கக் கூடாது என்பது சார்ஜென்ட் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். நில அளவையும் வரைபடமும் கற்கப் பெண்களுக்குக் கல்லூரியில் இடமில்லாததால் தனியாக ஆசிரியர் வைத்துப் படித்தார். 1895இல் அம்மாவோடு ஐரோப்பா போய் இத்தாலி, பிரான்ஸ், ஜெர்மனி, இங்கிலாந்து என்று தோட்டம் தோட்டமாகப் பார்த்தார். இங்கிலாந்தில் பேர்பெற்ற தோட்ட வடிவமைப்பாளர் கெர்ட்ரூட் ஜீக்கிலின் தோட்டத்துக்கும் போனார். ஜீக்கில் பெயரைப் பிறகு ஒரு முறை சொல்ல வேண்டியிருக்கிறது.

ஊர் திரும்பி, நியூயார்க்கில் அம்மா வீட்டிலேயே அலுவலகம் வைத்துத் தொழிலைத் தொடங்கினார். 1899இல் அமெரிக்க நிலவடிவமைப்பாளர் சங்கத்தை நிறுவிய 11 பேரில் அவர் ஒருவர்தான் பெண். வயது 26. நகரப் பூங்கா, அரசுக் கட்டடம் போன்ற வேலைகள் அப்போது பெண்களைத் தேடி வரவில்லை. வந்தவை பணக்காரர்களின் வீட்டுத் தோட்டங்கள். அவற்றில் பெயர் எடுத்துத்தான் பல்கலைக்கழக வளாகங்களுக்கும் வெள்ளை மாளிகைக்கும் போனார். 1913இல் அதிபர் உட்ரோ வில்சனின் மனைவி எல்லன் கேட்டுக்கொண்டதால் வெள்ளை மாளிகையின் கிழக்குத் தோட்டத்துக்கு வரைபடம் போட்டுக் கொடுத்தார். அதே ஆண்டு வரலாற்றுப் பேராசிரியர் மேக்ஸ் ஃபேரண்டைத் திருமணம் செய்துகொண்டார்.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1912 முதல் 1943 வரை, முப்பது ஆண்டுக்கு மேல் அவர்தான் தோட்ட ஆலோசகர். அந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று. கோடை விடுமுறையில் மாணவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். வளாகம் காலியாகக் கிடக்கும்போது பூத்து என்ன பயன்? அதனால் வசந்தத்தில் பூப்பவை, இலையுதிர் காலத்தில் நிறம் மாறுபவை, குளிர்காலத்தில் பச்சையாக நிற்பவை என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தார். வளாகத்துக்குச் சொந்தமாக நாற்றங்கால் போட வைத்தார். நடப் போகிற மண்ணிலேயே, அந்த ஊர்க் குளிரிலேயே கன்றுகள் வளர வேண்டும் என்பதற்காக. கல் சுவர்களில் விஸ்டீரியாவையும் மக்னோலியாவையும் தட்டையாகப் படர விட்டார். நடைபாதை குறுகாது, கட்டடமும் மறையாது. ஒரு வளாகத்தைத் தினமும் பயன்படுத்துகிறவர்கள் யார், எப்போது வருவார்கள், எந்த வழியாக நடப்பார்கள் என்று கேட்டுக்கொண்டு செடி தேர்ந்தெடுக்கிற பழக்கம் எத்தனை பேருக்கு இருக்கிறது? அங்கே தேவாலயத்தின் அருகில் அவர் நினைவாக ஒரு கல் இருக்கை போட்டிருக்கிறார்கள். அழகின் மேலும் ஒழுங்கின் மேலும் அவருக்கு இருந்த அன்பு, நம் மகிழ்ச்சிக்காக அவர் நட்டவற்றில் எங்கும் தெரிகிறது என்ற பொருளில் அதில் ஒரு வாசகம் பொறித்திருக்கிறது.

இங்கிலாந்தில் அவர் செய்த ஒரே வேலை டார்ட்டிங்டன் ஹால் என்ற பழைய மாளிகையின் தோட்டம். 1930களில் அங்கே முற்றத்தையும் பாதைகளையும் வடிவமைத்தார். அந்த இடத்தின் சொந்தக்காரரான லெனர்ட் எல்ம்ஹர்ஸ்ட், தாகூரோடு சேர்ந்து வங்காளத்தில் ஸ்ரீநிகேதன் கிராம மறுமலர்ச்சி நிலையத்தைத் தொடங்கி நடத்தியவர். இதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு ஏதோ உறவுக்காரரைக் கண்ட மாதிரி இருந்தது. அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. டம்பார்ட்டன் ஓக்ஸுக்கு வருகிறேன்.

ராபர்ட் வுட்ஸ் பிளிஸ், மில்ட்ரட் பிளிஸ் தம்பதி 1920இல் அந்த இடத்தை வாங்கினார்கள். கணவர் தூதரகப் பணியில் இருந்தவர். பழைய வீடு, கொட்டகைகள், செங்குத்தாக இறங்கும் சரிவு, அடியில் ஒரு ஓடை. மொத்தம் 53 ஏக்கர். 1921இல் ஃபேரண்ட் உள்ளே வந்தார். அடுத்த இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்தத் தோட்டம் அவர் கையில் இருந்தது. பிளிஸ் தம்பதி ஸ்வீடனிலும் பிறகு அர்ஜென்டினாவிலும் பணியில் இருந்ததால் பாதி வேலை கடிதத்திலேயே நடந்தது. ஒரு கதவுக்கோ, கல் தொட்டிக்கோ, சுவர் உச்சியில் வைக்கும் அலங்காரத்துக்கோ படம் மட்டும் போட்டு அவர் திருப்தி அடைய மாட்டார். அசல் அளவிலேயே மரத்தில் மாதிரி செய்து, வைக்க வேண்டிய இடத்தில் நிறுத்திப் பார்த்து, அளவைக் கூட்டிக் குறைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

நிலத்தை அவர் வளைக்கவில்லை. சார்ஜென்டின் பாடம் அங்கே கண் முன்னால் தெரிகிறது. வீட்டை ஒட்டி நேர்க்கோடுகள், செங்கல் தரை, கல் சுவர், கட்டுக்கோப்பான மேடைகள். மேடை மேடையாக இறங்க இறங்கக் கோடுகள் தளர்கின்றன. ரோஜாத் தோட்டம், நீரூற்று மேடை, குளத்தை ஒட்டிய சிறிய அரைவட்ட அரங்கு, காய்கறித் தோட்டம், பழமரச் சரிவு என்று போய்க் கடைசியில் ஓடைக்கரைக் காட்டில் முடியும்படி போட்டார். சரிவில் தோட்டம் அமைப்பது எப்படிப்பட்ட தலைவலி என்று மலையில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். மழைத்தண்ணீர் மேல்மண்ணை அடித்துக்கொண்டு போய்விடும். படிக்கட்டு அதிகமானால் வயதானவர்கள் வர மாட்டார்கள். சுவர் கட்டினால் சிறைச்சாலை மாதிரி ஆகிவிடும். அங்கே நான் முழங்கால் வலியோடுதான் நடந்தேன். ஒரு திருப்பத்தில்கூட மூச்சு வாங்கவில்லை. கொஞ்சம் படி, பிறகு ஒரு சமதளம், அங்கே உட்கார ஒரு பெஞ்சு, பார்க்க ஒரு மரம், மறுபடி கொஞ்சம் படி.

நான் போனபோது ஃபோர்சித்தியாச் சரிவு முழுக்க மஞ்சள். ஒரு குன்றுப் பக்கம் பூராவும் ஒரே ஒரு வகைப் புதர்தான். எல்லாரும் தூரத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் பாதையோரம் குனிந்து அடித்தண்டைப் பார்த்தேன். மகள் சிரித்தாள்: "என்னப்பா, எல்லாரும் பூவைப் பாக்கறாங்க, நீங்க கட்டையைப் பாக்கறீங்க?" நான் தேடியது அந்தக் கட்டையைத்தான். நுனியில் கத்தரி வைத்த தடமே இல்லை. வயதான தண்டுகளை மட்டும் தரையை ஒட்டி அறுத்து எடுத்திருந்தார்கள். வெட்டு வாய் சுத்தமாக இருந்தது. புதுத் தண்டுகள் இயல்பாக வளைந்து தொங்கின. ஃபோர்சித்தியா சென்ற ஆண்டு விட்ட தண்டில்தான் பூக்கும். பூ முடிந்ததும் கவாத்து செய்ய வேண்டும். தள்ளிப்போட்டுக் குளிர்காலத்துக்கு முன் வெட்டினால் அடுத்த ஆண்டுப் பூவையும் சேர்த்து வெட்டிவிடுவோம். மேலாகப் பந்து பந்தாக நறுக்கினால் வெளியே பச்சைச் சுவர், உள்ளே காய்ந்த குச்சி. அந்தச் சரிவில் ஒரு புதர்கூட அப்படி இல்லை. குன்றின் ஏற்ற இறக்கம் பூவின் மேல் அப்படியே தெரிந்தது. நட்டு நூறு ஆண்டு ஆகப் போகிற ஒரு தோட்டத்தில், நட்டவர் மனதில் இருந்த வடிவத்தை இன்றைய ஊழியர்கள் எப்படித் தெரிந்து வைத்திருக்கிறார்கள்?

ஃபேரண்ட் எழுதி வைத்துவிட்டுப் போனார். அதுதான் பதில்.

1940இல் பிளிஸ் தம்பதி அந்த இடத்தைப் பிரித்துக் கொடுத்தார்கள். வீடும் அதைச் சுற்றிய 16 ஏக்கர் தோட்டமும் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு ஆராய்ச்சி நிலையமாகப் போனது. ஓடைப் பள்ளத்தாக்கின் 27 ஏக்கர் தேசியப் பூங்காத் துறைக்குப் பொதுப் பூங்காவாகப் போனது. மீதி 10 ஏக்கர் இன்று டென்மார்க் தூதரகம் இருக்கும் இடம். (1944இல் ஐக்கிய நாடுகள் சபைக்கு அடித்தளம் போட்ட பேச்சுவார்த்தை நடந்தது இந்த வீட்டில்தான். பள்ளிப் பாடப் புத்தகத்தில் டம்பார்ட்டன் ஓக்ஸ் மாநாடு என்று படித்தவர்களுக்கு நினைவிருக்கும்.) தோட்டம் கைமாறுகிறது, இனி அதைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர்கள் தன்னை அறியாதவர்கள் என்று தெரிந்ததும், அவர்களுக்காக ஃபேரண்ட் ஒரு கையேடு எழுதினார். 1941 வாக்கில் தொடங்கிய வேலை. பிளான்ட் புக் என்றே அதற்குப் பெயர். பல ஆண்டுகள் கையெழுத்துப் படியாகவே அங்கே பயன்பட்டு, 1980இல் அச்சில் வந்தது. ஃபேரண்டைப் பற்றிப் பேசுகிற பலரும் அவர் போட்ட தோட்டங்களைப் பட்டியல் போடுகிறார்கள். நான் இந்தப் புத்தகத்தைத்தான் அவருடைய பெரிய சாதனை என்பேன்.

அதில் தோட்டத்தின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாக எடுத்துக்கொள்கிறார். இந்த இடம் எதற்காக இப்படி அமைந்தது, என்னென்ன செடி இருக்கிறது, எந்த உயரத்தில் வைத்திருக்க வேண்டும், ஒரு மரம் பட்டுப்போனால் அதே இனத்தைத்தான் நட வேண்டுமா, வேறு எதை வைக்கலாம் என்று எழுதிக்கொண்டே போகிறார். ஃபோர்சித்தியாச் சரிவில் வேறு புதர்களைக் கலக்க வேண்டாம் என்கிறார். செலவைச் சுருக்க வேண்டிய நிலை வந்தால் எந்த இடத்தில் எளிமையாக்கலாம் என்ற யோசனைகளும் உண்டு. தான் போட்ட தோட்டத்தில் எதைக் குறைக்கலாம் என்று தானே எழுதிக் கொடுக்கப் பெரிய மனது வேண்டும்.

ரோஜாத் தோட்டத்துக்கு அவர் எழுதியிருப்பதை நம் பூங்காக்காரர்கள் எல்லாரும் படிக்க வேண்டும். அங்கே ரோஜா இரண்டாம்பட்சம் என்கிறார். ரோஜா பூத்திருப்பது ஆண்டில் சில மாதம். மீதி மாதங்களில், முக்கியமாகக் குளிர்காலத்தில், அந்த இடத்தைத் தாங்கி நிற்பது சுவரும் பாக்ஸ்வுட் போன்ற பசுமை மாறாப் புதர்களும் அவற்றின் உருவமும்தான். ஆகவே அந்த எலும்புக்கூட்டை முதலில் காப்பாற்றுங்கள் என்பது அவர் சொல்லும் முறை. ரோஜாவிலும் நிற வரிசை உண்டு. ஒரு கோடியில் இளஞ்சிவப்பும் கருஞ்சிவப்பும். நடுவில் நிறம் வெளுத்துக்கொண்டே போய் மறு கோடியில் மஞ்சள். ரகத்தின் பெயர் மாறலாம், நிறத்தின் ஓட்டம் மாறக் கூடாது. நோய் தாங்காத பழைய ரகத்தைத் தூக்கிவிட்டு இன்றைய ரகத்தை நடுகிறவருக்கு எவ்வளவு உபயோகமான குறிப்பு! அந்த ரோஜாத் தோட்டத்தின் சுவரில்தான் பிளிஸ் தம்பதியின் அஸ்தியை வைத்திருக்கிறார்கள். எதை விதைக்கிறாயோ அதையே அறுப்பாய் என்ற லத்தீன் வாசகம் அங்கே கல்லில் இருக்கிறது. ஃபேரண்டின் நட்பைப் போற்றி வேறொரு மேடையில் தனியாக ஒரு கல்வெட்டும் வைத்திருக்கிறார்கள்.

எழுதி வைத்த குறிப்பும், அதைச் செய்து முடிக்க ஆளும் பணமும் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அத்தாட்சி அதே இடத்தில், மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. ஓடைப் பள்ளத்தாக்கில் ஃபேரண்ட் சிறு சிறு தடுப்பணைகள் கட்டி, தண்ணீர் சலசலத்து விழுகிற மாதிரி செய்து, கரையோரம் காட்டுப் பூக்களைப் பரப்பி வைத்திருந்தார். பார்க்கிறவர் அது இயற்கையாக அமைந்த இடம் என்று நம்பும்படி செய்வதுதான் அவர் நோக்கம். பொதுப் பூங்காவாகக் கைமாறிய பிறகு அந்த அளவு கவனிப்பு அதற்குக் கிடைக்கவில்லை. அயல் கொடிகள் மரங்கள் மேல் ஏறிவிட்டன. சுற்றியுள்ள தெருக்களிலிருந்து வரும் மழைவெள்ளம் ஓடைக்கரையை அரித்தது. அணைகளில் மண் அடைந்தது. இப்போது அந்தப் பகுதி மக்களே 2010இல் ஒரு பாதுகாப்பு அமைப்பைத் தொடங்கி, தன்னார்வலர்களைச் சேர்த்துக் கொடிகளை அறுத்து, நாட்டு இனங்களை நட்டு மீட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் அங்கேயும் இறங்கிப் போய் நடந்தேன். ஒரே கை போட்ட தோட்டத்தின் இரண்டு பாதிகளை இப்படி அருகருகே பார்ப்பது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

ஃபேரண்டுக்கே இந்தக் கஷ்டம் வந்தது, அதுவும் சொந்த வீட்டில். ரீஃப் பாயின்ட் இடத்தை அவரும் கணவரும் தோட்டக்கலை மாணவர்களுக்கான கல்வி மையமாக ஆக்கத் திட்டமிட்டார்கள். ஆறு ஏக்கர், மெயின் கடற்கரையின் நாட்டுச் செடிகள், ஒற்றை அடுக்கு ரோஜாக்கள், அசேலியா, நூலகம், உலர் தாவரத் தொகுப்பு. ஜீக்கில் இறந்த பிறகு அவருடைய தோட்ட வரைபடங்களும் காகிதங்களும் சிதறிப்போகாமல் 1948இல் விலைக்கு வாங்கி ரீஃப் பாயின்டில் சேர்த்தவர் ஃபேரண்ட்தான். கணவர் 1945இல் இறந்துவிட்டார். 1947 அக்டோபரில் மவுன்ட் டெசர்ட் தீவில் பெரிய காட்டுத்தீ. பார் ஹார்பரின் மாளிகைகள் பல சாம்பலாயின. மாளிகைகள் போனதும் ஊருக்கு வரி வருமானமும் போயிற்று. கல்வி மையத்துக்கு வரிவிலக்கு கேட்டார். ஊர் நிர்வாகம் தரவில்லை. தனக்குப் பிறகு அதை இதே தரத்தில் நடத்த ஆளுமில்லை, பணமும் இல்லை என்று அவருக்குத் தெளிவாயிற்று.

1955இல், 83 வயதில், அவர் ஒரு முடிவு எடுத்தார். அரைகுறையாகப் பாழாவதைவிடக் கலைத்துவிடுவதே மேல் என்று வீட்டை இடிக்கச் சொன்னார். செடிகளை வீணாக்கவில்லை. சார்லஸ் சாவேஜ் என்ற உள்ளூர் விடுதிக்காரர் ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியரின் பண உதவியோடு அசேலியாக்களையும் மற்ற செடிகளையும் வாங்கிப் பக்கத்து ஊரான நார்த்ஈஸ்ட் ஹார்பரில் நட்டார். இன்று அங்கே இருக்கும் அஸ்டிக்கூ, தூயா என்ற இரண்டு தோட்டங்களும் அப்படி வந்தவை. நூலகம், தாவரத் தொகுப்பு, தன் வரைபடங்கள், ஜீக்கிலின் காகிதங்கள் எல்லாவற்றையும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்குக் கொடுத்தார். இங்கிலாந்தில் இன்று ஜீக்கிலின் பழைய தோட்டம் ஒன்றை மீட்க நினைப்பவர்கள் பெர்க்லியில் இருக்கும் வரைபடத்தைத்தான் தேட வேண்டியிருக்கிறது. தன் தோட்டத்தைக் கலைத்த பெண், இன்னொருவரின் தோட்டங்கள் மறுபடி முளைக்க வழி செய்துவிட்டுப் போயிருக்கிறார்.

அவரிடம் வேலை பார்த்த கார்லண்ட் தம்பதியின் பண்ணையில் ஒரு சிறு பகுதியைக் கட்டிக்கொண்டு, இடித்த வீட்டின் கதவு ஜன்னல்களையே அதில் பொருத்தி, ஜன்னலுக்கு வெளியே சின்னதாக ஒரு தோட்டம் போட்டுக்கொண்டு வாழ்ந்தார். 1959இல் அங்கேயே காலமானார். கார்லண்ட் அம்மாள் தாவரங்களைக் கவனித்தவர். கணவர் இடத்தைப் பார்த்துக்கொண்டவர். முதலாளி அம்மா கடைசிக் காலத்தில் போய்த் தங்கியது உறவினர் மாளிகையில் இல்லை. தோட்ட வேலைக்காரர் வீட்டில். இதைப் படித்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

எனக்கு ஏன் இது இவ்வளவு முக்கியம் என்று கேட்கலாம். நான் பணி செய்த ஒரு பூங்காவில் வயதான மேஸ்திரி ஒருவர் இருந்தார். எந்தப் பாத்திக்கு அடியில் பழைய வடிகால் ஓடுகிறது, எந்த மரத்தை எந்த மாதம் தொடக் கூடாது, உறைபனி முதலில் எந்த மூலையில் இறங்கும் எல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. "எழுதி வைங்கண்ணே" என்று நான் சொன்னால், "நான்தான் இருக்கேனே சார்" என்பார். அவர் ஓய்வு பெற்றார். அதற்கப்புறம் வந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். வடிகால் இருந்த இடத்தில் செயற்கை நீரூற்று வைத்தார்கள். பின்மழையில் தண்ணீர் தேங்கி ஒரு வரிசைக் கமேலியா வேரழுகிப் போனது. இதைப் பார்த்துக்கொண்டு பணியில் இருந்த எனக்கு, வாஷிங்டனில் அந்தக் கையேட்டின் அச்சுப் பிரதியைக் கையில் எடுத்தபோது தொண்டை அடைத்தது.

ஆகவே உங்களிடம் இரண்டு வேண்டுகோள். ஃபேரண்டைப் பற்றி, குறிப்பாக அந்தக் கையேட்டைப் பற்றி, தனியாக ஒரு கட்டுரை உங்கள் இணைப்பிதழில் வர வேண்டும். வரைபடம், படங்களோடு வந்தால் தோட்டக்கலைக் கல்லூரி மாணவர்களுக்கு மிகவும் பயன்படும். இரண்டாவது, புதிதாகப் பூங்கா திறக்கும் செய்தியை வெளியிடும்போது எத்தனை கோடி, எத்தனை ஏக்கர் என்று எழுதுவதோடு, பராமரிப்புக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்களா, யார் கையில் இருக்கிறது என்றும் உங்கள் நிருபர்கள் கேட்க வேண்டும். கேட்டுக்கொண்டே இருந்தால் ஒரு நாள் எழுத ஆரம்பிப்பார்கள். நான் சொன்ன மேஸ்திரி இப்போதும் நலமாக இருக்கிறார். ஊர் திரும்பியதும் அவர் வீட்டுக்குப் போய், அவர் சொல்லச் சொல்ல நான் எழுத ஆரம்பித்திருக்கிறேன். இப்போது ரோஜாப் பாத்திகள் வரை வந்திருக்கிறோம். டம்பார்ட்டன் ஓக்ஸில் நான் எடுத்த படங்கள் உங்கள் கட்டுரைக்கு வேண்டுமானால் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக்கலைத் துறை ஊழியர்,
குன்னூர்